பொய்க்காசும் மெய்ச்சொல்லும்

பழைய நாணயங்களைத் தேடிச் சேர்ப்போரை நாம் அறிவோம். பழைய கள்ள நாணயங்களை, அவை கள்ள நாணயங்கள் என்று தெரிந்தே, தேடிச் சேர்ப்போரும் உலகில் இருக்கின்றனர் என்பது நம்முள் பலருக்கு வியப்பளிக்கலாம். ஸ்பானிய அரசு அமெரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியை ஆண்ட நாள்களில் அங்கு அடிக்கப்பட்ட எட்டு ரெயால் என்னும் வெள்ளி நாணயம் உலகெங்கும் செலாவணியில் இருந்தது. அது சென்ற இடமெல்லாம் அதன் போலியும் கூடவே சென்றது. செம்பில் அடித்து வெள்ளி முலாம் பூசியவை, ஈயத்திலும் வெள்ளீயத்திலும் வார்த்தவை, மாற்றுக் குறைந்த வெள்ளியில் செய்தவை எனப் பலவகைப் போலிகள் அந்நாளைய மக்களை ஏமாற்றின. இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னர் அந்தப் போலிகளையே பட்டுத்துணி விரித்த பேழையில் வைத்துப் பேணுவோர் இருக்கின்றனர். அவற்றை வகைப்படுத்தி நூல் எழுதியோரும் இருக்கின்றனர்.

இதைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் ஒரு நெருடல் எழுவது இயல்பே. ஓர் ஏழையின் கூலியைப் பறித்த பொருளைப் போற்றி வைப்பது தகுமா? பொய்யை விலை கொடுத்து வாங்கலாமா? வரலாற்று ஆர்வம் என்று சொல்லி இவ்வினாவை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் சற்று நின்று எண்ணினால், இவ்வினாவுக்கு அடியில் இன்னும் ஆழமான வினா ஒன்று இருப்பதைக் காண்போம். ஒரு நாணயத்தில் பொய் என்பது எங்கே இருக்கிறது? உலோகத்திலா, முத்திரையிலா, அன்றி அதைக் கொடுப்பவனின் நெஞ்சிலா? தமிழில் காசையும் நாணயம் என்கிறோம். நேர்மையையும் நாணயம் என்கிறோம். எனவே இந்த ஆராய்ச்சி நமக்கு அத்துணை அந்நியமானதன்று.

உலகைச் சுற்றிய வெள்ளி

1535-ஆம் ஆண்டு ஸ்பானிய அரச ஆணையால் மெக்சிகோவில் ஒரு நாணயசாலை நிறுவப்பட்டது. 1545-இல் இன்றைய பொலிவியா நாட்டிலுள்ள பொட்டோசி மலையில் பெரும் வெள்ளி வளம் கண்டறியப்பட்டது. அம்மலையின் சுரங்கங்களில் பழங்குடி மக்கள் முறைவைத்துக் கட்டாய உழைப்புக்கு இழுத்து வரப்பட்டனர். அவர்கள் தோண்டிய வெள்ளியே எட்டு ரெயால் நாணயமாக உலகைச் சுற்றியது. ஏறத்தாழ 27 கிராம் எடையுள்ள இந்நாணயத்தை ஆங்கிலேயர் ஸ்பானிய டாலர் என்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகள் தம் டாலரை இதன் அளவை ஒட்டியே வகுத்தன. 1857 வரை அங்கே இந்த அயல்நாட்டு நாணயம் சட்டப்படி செல்லுபடியானது. மெக்சிகோவிலிருந்து பாய்க்கப்பல்களில் மணிலா சென்ற வெள்ளி, அங்கிருந்து சீனத்துக்குப் போனது.

அந்த ஓட்டத்தின் ஒரு கிளை நம் சோழமண்டலக் கரையையும் தொட்டது. புனித தோமையார் மலையில் ஏறுவோருக்குப் படிக்கட்டு அமைத்தவரும், சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் பாலம் கட்டியவருமான அர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான், மணிலா வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். மணிலாவிலிருந்து சென்னைக்குத் திரும்பிய கப்பல்கள் கொணர்ந்த முதன்மைச் சரக்கு வெள்ளியே. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கும்பினியார் சென்னையில் வெளியிட்ட அரை வராகன் வெள்ளி நாணயங்கள் ஸ்பானிய டாலரின் மேலேயே கோபுர முத்திரை பதித்து அடிக்கப்பட்டவை. அவற்றுள் சிலவற்றில் கோபுரத்தின் கீழே ஸ்பானிய நாணயத்தின் பழைய எழுத்துகள் மங்கலாக இன்றும் தெரிகின்றன.

இத்துணை நாடுகளில் இத்துணை மக்கள் நம்பி வாங்கிய நாணயம் கள்ளரின் கண்ணுக்குத் தப்புமோ? மக்கள் எதை நம்புகின்றனரோ அதையே பொய்யன் போலி செய்கிறான். நம்பிக்கை இல்லாத இடத்தில் போலிக்கு வேலையே இல்லை.

கண்ணும் தராசும்

போலியை இனங்காண்பது ஒரு தனிக்கலை. கைச்சம்மட்டியால் அடிக்கப்பட்ட பழைய நாணயங்கள் வட்டமாக இரா. ஓரத்தை வெட்டித் திருடினாலும் தெரியாது. இக்குறையைப் போக்கவே மெக்சிகோவில் 1732 முதல் திருகு அச்சுப்பொறியால் ஒழுங்கான வட்ட நாணயங்கள் அடிக்கப்பட்டன. இரு தூண்களுக்கு நடுவே இரு உலக உருண்டைகள், அவற்றின்மேல் ஒரு மகுடம் என்பது அதன் முத்திரை. 1772 முதல் அரசனின் தலையுருவம் இடம்பெற்றது. விளிம்பைச் சுரண்டாமல் தடுக்க விளிம்பிலும் சித்திர வேலை செய்தனர். தலையுருவ நாணயத்தின் விளிம்பில் வட்டமும் நீள்சதுரமும் மாறி மாறி வரும். இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு இடையே உருட்டி அவ்வேலையைச் செய்ததால், நேரெதிரான இரண்டு இடங்களில் மட்டும் அச்சித்திரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். கள்ள நாணயம் செய்தோர் பலர் அரசனின் முகத்தை அழகாகச் செதுக்கிவிட்டு விளிம்பைக் கவனியாது விட்டனர். எல்லோரும் பார்க்கும் முகத்தில் செலுத்திய உழைப்பை, எவரும் பாராத ஓரத்தில் அவர்கள் செலுத்தவில்லை.

பின்னர் எடை, அடுத்து ஒலி. சுண்டிப் பார்த்தால் நல்ல வெள்ளி நெடுநேரம் இசைக்கும். ஈயம் மந்தமாக ஒலித்து அடங்கும். நீரில் அமிழ்த்தி நிறுத்தால் ஒப்படர்த்தி தெரியும். இந்நாணய வெள்ளிக்கு அது 10.3 அளவில் இருக்கும்; செம்பு 9-க்குச் சற்றுக் குறையும்; ஈயம் 11-ஐத் தாண்டும். வார்ப்பில் செய்த போலியின் முகத்தில் சிறு குழிகள் இருக்கும். முலாம் பூசிய போலியில் அரசனின் கன்னமும் மூக்கும் முதலில் தேய்ந்து, அடியிலுள்ள செம்பு சிவப்பாக வெளிப்படும். செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவை கலந்த ஜெர்மன் வெள்ளி எனப்படும் உலோகம் ஐரோப்பாவில் வணிகப் பொருளாகப் புழங்கியது 1820-களுக்குப் பின்னரே. ஆகவே 1790-களின் ஆண்டைத் தாங்கிய நாணயம் அவ்வுலோகத்தில் இருக்குமாயின், அது தன் ஆண்டைப் பொய்யாகச் சொல்கிறது என்பது உறுதி. இன்று ஊடுகதிர்க் கருவி கொண்டு, நாணயத்தைச் சேதப்படுத்தாமலே அதன் மேற்பரப்பின் உலோகக் கலவையை அறிகின்றனர். பழைய முறைகளில் பிரித்தெடுத்த வெள்ளியில் பெரும்பாலும் நுண்ணளவு தங்கம் தங்கியிருக்கும். தற்கால முறையில் தூய்மை செய்த வெள்ளியில் அது இராது. அந்நாளைய போலியையும் நேற்றைய போலியையும் பிரித்தறிய இதுவும் துணைபுரிகிறது.

ஆனால் இக்கலையில் தேர்ந்தவர்களையும் அவசரப்படாதிருக்கக் கற்பிக்கும் நாணயங்கள் சில உண்டு. மூன்றாம் சார்லஸ் 1788 இறுதியில் இறந்தபின், புதிய அரசனின் உருவ அச்சு கடல் கடந்து வந்துசேரும் வரை, அமெரிக்க நாணயசாலைகள் நான்காம் சார்லஸின் பெயரைப் பொறித்து, மூன்றாம் சார்லஸின் முகத்தையே 1789-இலும் 1790-இலும் அடித்தன. 1808-இல் ஏழாம் பெர்டினாண்டு அரசனானபோது, அவன் முகம் அறியாத மெக்சிகோவிலும் லீமாவிலும் கலைஞர்கள் கற்பனையாகவே ஒரு முகத்தைச் செதுக்கினர். பெயர் ஒருவனுடையது, முகம் இன்னொருவனுடையது; ஆயினும் இவை உண்மையான நாணயங்கள். வெளித்தோற்றத்தின் பிழையைக் கண்டு மெய்யானதைப் பொய் என்று தள்ளிவிடுவதும் அநீதியே. போலியை நம்புகிறவன் தான் இழக்கிறான். மெய்யைப் போலி என்பவனோ பிறருக்கு இழப்பை உண்டாக்குகிறான்.

தொடக்கத் திருச்சபையின் ஆசிரியர்கள் இந்தக் காசு நோட்டக்காரரை ஞான வாழ்வுக்கு உவமையாகக் கொண்டனர். 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோவான் கசியான் தம் முதல் உரையாடலில், மனத்தில் எழும் எண்ணங்களை நோட்டக்காரரைப் போல நான்கு வகையில் சோதிக்க வேண்டும் என்ற அறிவுரையைப் பதிவு செய்துள்ளார். உலோகம் தூயதா, பதித்துள்ள உருவம் முறையான அரசனுடையதா, உரிய நாணயசாலையில் அடிக்கப்பட்டதா, எடை குறையாது இருக்கிறதா என்பவையே அந்நான்கு. இவற்றுள் ஒன்று தேறினால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை என்பது கருதத்தக்கது. ஏனெனில், பொன் தூயதாக இருந்தும் உருவம் கொடுங்கோலனுடையதாக இருக்கலாம். உருவம் முறையானதாக இருந்தும் எடை குறைந்திருக்கலாம்.

அரசன் செய்த கலப்படம்

இந்த நான்கு சோதனைகளையும் மனத்திற்கொண்டு ஒரு வரலாற்றைக் காண்போம். 1640-களில் பொட்டோசி நாணயசாலையிலிருந்து வெளிவந்த நாணயங்களில் அளவுக்கு மீறிச் செம்பு கலந்திருந்தது. முத்திரை அரசனுடையது, அடிக்கப்பட்டது அரசனின் நாணயசாலையில், மாற்றுக்குப் பொறுப்பேற்றவரின் எழுத்தும் அதில் இருந்தது. ஆனால் உள்ளே வெள்ளி குறைந்திருந்தது. ஐரோப்பியச் சந்தைகளில் அதை வாங்க மறுத்தனர். உண்மை அறிய பிரான்சிஸ்கோ நெஸ்தாரெஸ் மரீன் என்ற குருவை ஸ்பானிய அரசு அனுப்பியது. அவருடைய விசாரணையின் முடிவில், வெள்ளி வணிகத்தில் பெருஞ்செல்வரான பிரான்சிஸ்கோ கோமெஸ் தே லா ரோச்சாவும், மாற்றுப் பார்க்கும் அதிகாரி பெலிப்பே ராமிரெஸ் தே அரெல்லானோவும் 1650-இல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். அந்நாணயங்களின் மதிப்பு குறைக்கப்பட்டது. 1652 முதல் புதிய முத்திரை வந்தது. குற்றவாளிகள் தண்டனை பெற்றனர் என்பது சரி. ஆனால் அந்த நாணயத்தைச் சேமித்து வைத்திருந்த கைம்பெண்ணும் கூலிக்காரனும் ஒரே அறிவிப்பில் தம் சேமிப்பின் ஒரு பங்கை இழந்தனர். அவர்களுக்கு ஈடு செய்தது யார்?

இதைவிட ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி ஒன்றுண்டு. தலையுருவ நாணயம் வெளிவந்த 1772-இலேயே, மூன்றாம் சார்லஸ் அரசன் அதன் மாற்றைக் குறைக்க இரகசியமாக ஆணையிட்டான். ஆயிரத்துக்கு 917 பங்காக இருந்த வெள்ளி 903 பங்காயிற்று. 1786-இல் மீண்டும் இரகசியமாக 896 பங்காகக் குறைக்கப்பட்டது. மக்களுக்கு இது அறிவிக்கப்படவில்லை. ஒரு நாணயத்தில் குறைந்தது சிறிதளவே. எனினும் இலட்சக்கணக்கான நாணயங்களில் அது எத்துணைப் பெரிய தொகை! அதனை அரசன் தன் குடிகளிடமிருந்தும் அயல்நாட்டு வணிகரிடமிருந்தும் சொல்லாமல் எடுத்துக்கொண்டான்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் கள்ள நாணயம் அடிப்பது அரசத் துரோகமாகக் கருதப்பட்டது. 1789 மார்ச்சில் கேத்தரின் மர்பி என்ற பெண், இலண்டன் நியூகேட் சிறையின் முன் கழுத்தில் கயிறிட்டுக் கொல்லப்பட்டாள். பின் அவள் உடல் எரிக்கப்பட்டது. அவள் மீது சாற்றப்பட்ட குற்றம் கள்ளக்காசு செய்தது. நாடுகள் வேறு, சட்டங்கள் வேறு என்பதை அறிவோம். எனினும், சில நாணயங்களைக் கெடுத்தவள் எரிக்கப்பட, ஒரு பேரரசின் நாணயம் முழுவதையும் மறைவாகக் குறைத்த மன்னன் தன் தலையுருவத்தை அந்த நாணயத்திலேயே பதித்துக்கொண்டு மாண்புடன் அடக்கம் பெற்றான் என்பதைக் காணும்போது, நீதியைத் தேடும் உள்ளம் அமைதி கொள்ளுமோ?

திருச்சபையின் சிந்தனையாளர்கள் இதில் வாய்மூடி இருந்துவிடவில்லை. 14-ஆம் நூற்றாண்டில், பின்னாளில் லிசியே மறைமாவட்ட ஆயரான நிக்கோல் ஓரேம், நாணயம் அரசனின் தனியுடைமை அன்று, அதைப் பயன்படுத்தும் மக்கள் சமூகத்தின் உடைமை என்று வாதிட்டார். 1609-இல் இயேசு சபைக் குரு யுவான் தே மரியானா, மக்களின் இசைவின்றி நாணயத்தின் மாற்றைக் குறைப்பது அவர்கள் பொருளைக் கவர்வதற்கு ஒப்பாகும் என்று எழுதினார். அதற்காக மத்ரீத் நகரில் முதிய வயதில் சிறைக்காவலை ஏற்றார். தாந்தே தம் காவியத்தின் நரகப் பகுதியில் ஆதாமோ என்ற கள்ள நாணயக்காரனைத் தீராத் தாகத்துடன் காட்டுகிறார். அவனோ ஒரு துளி நீரைவிட, தன்னை அத்தொழிலுக்குத் தூண்டிய பிரபுக்கள் தன்னருகே தண்டனை பெறுவதைக் காணவே ஏங்குகிறான். சிறியவன் கையால் பெரியவன் செய்யும் பொய் அந்நாளிலேயே கவிஞரின் பார்வைக்குத் தப்பவில்லை.

பொய் எங்கே இருக்கிறது?

இப்போது நம் முதல் வினாவுக்குத் திரும்புவோம். புனித அகுஸ்தினார் திருமுழுக்குப் பெறுவதற்கு முன் எழுதிய தனிமொழிகள் என்ற நூலில் ஒரு நுட்பமான கருத்தை ஆராய்கிறார். நாடக மேடையில் நடிகன் வீரனாக நடிக்கிறான். அவன் பொய்யான வீரன். ஆனால் பொய்யான வீரனாக இருப்பதாலேயே அவன் உண்மையான நடிகன். ஓவியத்திலுள்ள குதிரை உண்மைக் குதிரையன்று. ஆனால் அது உண்மையான ஓவியமாக இருந்தாலொழியப் பொய்க்குதிரையாகவும் இருக்க இயலாது. ஆகவே ஒரு பொருள் ஒரு வகையில் பொய்யாகவும் இன்னொரு வகையில் மெய்யாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பது அவர் ஆராயும் கருத்து.

இதை நம் கள்ளக்காசுக்குப் பொருத்திப் பாருங்கள். முலாம் பூசிய அந்தச் செம்புத் துண்டு பொய்யான ரெயால்தான். ஆனால் அது உண்மையான செம்பு, உண்மையான கைவேலை, ஓர் உண்மையான குற்றத்தின் உண்மையான சான்று. உலோகம் பொய் சொல்வதில்லை. "இது அரசனின் வெள்ளி" என்று ஒருவன், நாவாலோ மௌனத்தாலோ, சொல்லிக் கொடுக்கும்போதே அங்கே பொய் பிறக்கிறது. பொய்யென்பது ஏமாற்றும் எண்ணத்தோடு நெஞ்சுக்கு மாறாக உரைப்பது என்று அகுஸ்தினாரே வேறிடத்தில் விளக்குகிறார். அந்த அளவுகோலின்படி, மூன்றாம் சார்லஸின் நாணயத்திலும் ஒரு பொய் இருந்தது. அதில் பெரும்பகுதி நல்ல வெள்ளியே. ஆயினும் சொல்லப்படாத ஒரு குறை அதற்குள் இருந்தது.

1973-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம் இவ்வுண்மையை எளிய முறையில் காட்டுகிறது. பழைய நாணயத்தைப் போன்று செய்து விற்கலாம். ஆனால் நகல் என்று பொருள்படும் சொல் அதன்மீது தெளிவாகப் பொறிக்கப்பட வேண்டும் என்கிறது அச்சட்டம். அதே அச்சு, அதே உலோகம், அதே உருவம். ஒரு சொல்லைச் சேர்த்தால் அது பள்ளிப் பிள்ளைக்கு வரலாறு கற்பிக்கும் பொருள். அச்சொல்லை நீக்கினால் மோசடிக் கருவி. பொருளைத் தீயதாக்கியது மறைக்கப்பட்ட சொல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆதலால், பழைய கள்ள நாணயத்தைக் கள்ள நாணயம் என்றே பெயரிட்டு வைத்திருப்பவர் பொய்யைப் பேணுவதாக நாம் கருதவில்லை. அவர் அந்தப் பொய்யின் வாயை அடைத்துவிட்டார் எனலாம். எந்த உலோகம், எந்தக் காலம், எந்த முறை என்று அவர் எழுதி வைக்கும் சிறு சீட்டு, ஏமாந்தோருக்குக் காலங்கடந்து கிடைக்கும் ஒரு நீதி. வறுமையில் இருந்தவன் எவ்வாறு பிழைக்க முயன்றான், வலியவன் எவ்வாறு கொழுத்தான், எளியவன் எதில் ஏமாந்தான் என்பவற்றை அரசனின் நல்ல நாணயத்தைவிட இந்தக் கெட்ட நாணயமே அதிகம் சொல்லும்.

ஆனால் இதற்கு ஒரு கடமையும் உண்டு. பழைய போலிகளுக்கு விலை உண்டானதும், பழைய போலியைப் போன்ற புதிய போலிகளும் வரத் தொடங்கின. சேர்ப்பவர் தம் ஆர்வத்தால் இன்றைய ஏமாற்றுக்காரனுக்குச் சந்தை அமைத்துக் கொடுக்கிறாரா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தாம் விற்கும்போதோ, தமக்குப் பின் பிள்ளைகள் விற்கும்போதோ, அந்தச் சீட்டு நாணயத்தை விட்டுப் பிரியாதிருக்க வழி செய்ய வேண்டும். சீட்டுத் தொலைந்த அன்றே பழைய பொய் மீண்டும் பேசத் தொடங்கிவிடும். ஏமாற்றுபவனின் கைத்திறனை வியந்து பேசிப் பேசி, ஏமாந்தவனின் கண்ணீரை மறந்துவிடும் ஆபத்தும் இத்துறையில் உண்டு. எந்த ஆராய்ச்சியிலும் உண்டு.

கடைசிக் கை

கள்ள நாணயத்தின் கொடுமை, அதைச் செய்தவனோடு முடிவதில்லை. அது கைக்குக் கை மாறுகிறது. ஒவ்வொரு கையும் தான் ஏமாந்ததை அறிந்ததும் அடுத்த கையைத் தேடுகிறது. தராசும் உரைகல்லும் உடையவன் அதை வாங்கமாட்டான். ஆகவே அது கீழ்நோக்கியே இறங்குகிறது. கடைசியில், சோதித்துப் பார்க்கும் வசதியோ, மறுத்துச் சொல்லும் துணிவோ இல்லாத ஒருவனின் கையில் போய் நிற்கிறது. அவன் பெரும்பாலும் நாள் முழுதும் உழைத்து அந்த ஒரு காசைக் கூலியாகப் பெற்றவனாக இருப்பான்.

அவன் என்ன செய்ய வேண்டும்? அறநெறிக்கு இது ஒரு கடினமான வினா. அறியாமல் பெற்றான், எனவே குற்றமற்றவன். கொடுத்தவன் இன்னான் எனத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்து நியாயம் கேட்கலாம். தெரியாவிட்டால்? அறிந்தபின் அதை அடுத்தவனிடம் தள்ளிவிட்டால், அந்த நொடியே அவன் ஏமாந்தவன் என்ற நிலையிலிருந்து ஏமாற்றுபவன் என்ற நிலைக்கு மாறிவிடுகிறான். பொருளுக்கு நேரும் இழப்பு அதை உடையவனைச் சாரும் என்பது குருமடங்களில் கற்பிக்கப்படும் பழைய நீதிவாசகம். அதன்படி இழப்பை அவனே தாங்க வேண்டும். இது கடுமையான தீர்ப்புதான். ஆயினும் தவறான தீர்ப்பன்று. எவனோ ஒருவன் ஓரிடத்தில் இழப்பைத் தாங்கிக்கொண்டு "என்னோடு இது நிற்கட்டும்" என்று சொன்னாலன்றிப் பொய்யின் ஓட்டம் நிற்காது.

ஆனால் அவனைத் தனியே தாங்கும்படி விட்டுவிடுவது நமக்கு அழகன்று. இழப்பு யாருடையது என்று நீதி சொல்கிறது; அந்தச் சுமையில் தோள் கொடுக்கும்படி அன்பு கேட்கிறது. கூலி கொடுத்தவன் தான் கொடுத்த காசு கெட்டது என்று அறிந்தால், தானும் ஏமாந்தவனே ஆனாலும், நல்ல காசு கொடுத்து அதைத் திரும்பப் பெறட்டும். அறிவும் வசதியும் உடையவன் மேற்கொண்டு ஏமாறாதிருக்க வழி காணக்கூடும்; கூலிக்காரனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வசதி மிகுந்தவனிடம் இழப்பு நிற்பதே முறைக்கு நெருக்கமானது.

சீனத்துக் கான்டன் துறைமுகத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஸ்பானிய டாலர் அங்கே வணிகரின் கைக்கு வந்ததும், நோட்டக்காரர் அதைச் சோதித்து, நல்லதென்று கண்டால் தம் சிறு முத்திரையை அதில் குத்துவார். அத்தகைய நோட்டக்காரரை அங்குள்ள ஆங்கிலேயர் அழைத்த பெயர், நம் தமிழில் சராப்பு என்று வழங்கும் சொல்லின் வேறு வடிவமே. அந்த முத்திரை ஒரு பிணை: இதை நான் பார்த்தேன், இதற்கு நான் பொறுப்பு என்பது அதன் பொருள். பல கைகளின் முத்திரை ஏறி ஏறி அரசனின் முகமே தெரியாமற்போன நாணயங்கள் உண்டு. நோட்டக்காரர் முத்திரை பெற்ற போலிகளும் உண்டு. தேர்ந்தவரும் சில நேரம் ஏமாந்தனர். எனினும், தன் பெயரைப் பொறித்துக் கொடுப்பவன் தான் கொடுப்பதைக் கவனமாகப் பார்க்கிறான் என்பது மறுக்க முடியாதது.

நாமும் நாள்தோறும் கைக்குக் கை பலவற்றை மாற்றுகிறோம். ஒருவரைப் பற்றிக் கேட்ட செய்தியை, அது மெய்யா என்று சுண்டிப் பாராமலே அடுத்தவருக்குக் கொடுக்கிறோம். வேலைக்குத் தகுதியற்றவர் என்று தெரிந்தும் நற்சான்று எழுதித் தருகிறோம். குறையுள்ள பொருளைக் குறை சொல்லாமல் விற்கிறோம். "எனக்கு வந்ததைத்தானே கொடுத்தேன்" என்பது நம் வழக்கமான விடை. அந்தச் செய்தியில், அந்தச் சான்றிதழில், அந்தப் பொருளில் நம் முத்திரையைக் குத்தி, "இதற்கு நான் பொறுப்பு" என்று சொல்ல வேண்டிவந்தால், எத்தனையை நாம் கையிலேயே நிறுத்திக்கொள்வோம்?

கள்ளக்காசு செய்த கை

ஒரு செய்தியைச் சொல்லி முடிப்போம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் 1812-ஆம் ஆண்டு நாணயத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. ஆளுநர் லாக்லன் மக்குவாரிக்கு 40,000 ஸ்பானிய டாலர்கள் வந்துசேர்ந்தன. அவை வெளிநாட்டுக்குக் கப்பலேறிப் போய்விடாமல் தடுக்க, ஒவ்வொன்றின் நடுவிலும் துளையிட்டு இரண்டு நாணயங்களாக்க அவர் முடிவு செய்தார். துளையுள்ள வளையம் ஐந்து ஷில்லிங். வெட்டி எடுத்த நடுத்துண்டு பதினைந்து பென்னி. இவ்வேலையைச் செய்ய வல்லவர் யார் என்று தேடியபோது, கிடைத்தவர் வில்லியம் ஹென்ஷால். அவர் இங்கிலாந்தில் கள்ள நாணயக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்று, நாடு கடத்தப்பட்டு வந்த கைதி. அவரே பொறியமைத்து, அச்சு செதுக்கி, 1813 என்ற ஆண்டைத் தாங்கிய அக்குடியேற்றத்தின் முதல் நாணயங்களை அடித்துக் கொடுத்தார். அவற்றுள் சிலவற்றில், இலைச் சித்திரத்தின் நடுவே தம் பெயரின் முதல் எழுத்தைச் சிறியதாகப் பொறித்தும் வைத்தார்.

அவரிடம் புதிய திறமை ஒன்றும் வந்துவிடவில்லை. முன்பு மறைவில் அரசனின் முத்திரையைத் திருடிய அதே திறமைதான், வெளிச்சத்தில் ஒரு சமூகத்தின் தேவைக்குப் பயன்பட்டது. முன்பு அவர் தம் பெயரை மறைத்தாக வேண்டியிருந்தது. இப்போது அதைப் பொறிக்க முடிந்தது. மனிதரைச் செல்லாக்காசு என்று வீசிவிடுவதற்கு முன் நாம் இதை எண்ண வேண்டும். ஒரு நாணயம் போலி என்று தீர்ப்புப் பெற்றால் அது என்றும் போலியே; மனிதர் அப்படியல்லர். வரி கொடுப்பது பற்றி ஆண்டவரிடம் சூழ்ச்சியாக வினவியபோது, அவர் ஒரு நாணயத்தைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள உருவம் யாருடையது என்றே கேட்டார். அவர்முன் நின்றவர்கள் மீதும் ஓர் உருவம் பதிந்திருந்தது. அவர்களுடைய வஞ்சகத்தால் அது மங்கியிருந்ததேயன்றி அழிந்துவிடவில்லை.

எனவே, நாணயத்தைச் சோதிப்பதில் கண்டிப்பாக இருப்போம். மனிதரைத் தள்ளுவதில் தயங்குவோம். நம் கைக்கு வந்த பொய்க்காசு ஒன்று இன்று நம்மிடம் இருக்குமானால், அதன்மேல் அதன் உண்மைப் பெயரை எழுதி வைத்துக்கொள்வோம். அடுத்தவர் கையில் வைக்காதிருப்போம்.